மூன்று பொத்தான்களும் ஒரு பந்தியும்

2021 மார்ச் 23ஆம் திகதி. பூண்டுலோயாக் கடைவீதியில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து எங்கள் கடைப் பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வானொலியில் ஜெனீவாச் செய்தி போனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகி நின்றவை 14 என்றார்கள்.

"எங்கட நாடுகள் என்ன செஞ்சிச்சாம்?" என்று ஒரு நானா கேட்டார்.

"பாகிஸ்தான் எதிர்த்துப் போட்டிருக்கு. பங்களாதேஷும் அப்படித்தான். இந்தோனேசியா ஒதுங்கிட்டு."

"அந்தத் தீர்மானத்துல எங்கட மையித்துகள எரிச்சதப் பத்தியும் ஈக்காமே?"

"ஓம், ஈக்கி."

"அப்ப அவங்க எதுக்கு எதிராப் போட்டாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. மாதக் கணக்குத் தீர்க்க வந்து ஓரமாக நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "மொதலாளி, அதுல எங்களப் பத்தி ஏதும் இருக்குதுங்களா?" அதற்கும் பதில் இல்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்த இரண்டு கேள்விகளும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஜனாஸா எரிப்புப் பற்றி நம்மவர்கள் கவிதை எழுதினார்கள், சிறுகதை எழுதினார்கள்; கண்ணீர் வற்றும்வரை எழுதினார்கள். அது வேண்டியதுதான். ஆனால் ஜெனீவாவில் நம் பெயரால் நடந்ததை, நாமே போய் நடத்தியதை விமர்சனமாக எழுதியவை என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. ஒரு நாவலை வாசிப்பதுபோல ஒரு தீர்மானத்தையும் வரி வரியாக வாசிக்கலாம் என்பதை நாம் இன்னும் பழகவில்லை. நமக்கு வாக்கு எண்ணிக்கைதான் செய்தி. பிரதியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் அந்த அவை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். பேரவை 2006இல் உருவானது. 47 ஆசனங்கள்: ஆபிரிக்காவுக்கு 13, ஆசிய பசுபிக்குக்கு 13, இலத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியனுக்கு 8, மேற்கு நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6. ஒவ்வொரு பிரதிநிதியின் முன்னாலும் மூன்று தெரிவுகள் உண்டு: ஆம், இல்லை, விலகல். விலகியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆம் என்பது இல்லை என்பதைவிட ஒன்று கூடினாலே போதும். ஆகவே வாக்குத் திரட்டுகிற தூதுவருக்கு மூன்று வேலை. தன் பக்கம் நிற்பவரைத் தக்கவைப்பது, எதிர்ப் பக்கம் சாய்பவரை விலகல் வரைக்குமாவது இழுத்து வருவது, இரண்டும் முடியாவிட்டால் பிரதியில் உள்ள சொல்லை மென்மையாக்குவது. இந்த மூன்றாவது வேலைதான் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

விலகல் என்பது நல்ல வசதியான பொத்தான். 2021 வாக்கெடுப்பு முடிந்தவுடன் எதிர்த்த 11ஐயும் விலகிய 14ஐயும் கூட்டி, 25 நாடுகள் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை என்று அரசாங்கத் தரப்பு சொன்னது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 36 நாடுகள் தீர்மானத்தை எதிர்க்கவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டும் ஏமாற்று. விலகியவர் இரு வீட்டுக் கலியாணத்துக்கும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு எந்த வீட்டிலும் சாப்பிடாமல் போகிறவர். அவரை எந்த வீட்டாரும் தம் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

'முஸ்லிம் நாடுகள்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிற கூட்டம் உண்மையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2009 மே 27ஆம் திகதி, போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம், இலங்கை தன்னைப் பற்றிய தீர்மானத்தைத் தானே கொண்டுவந்து 29 வாக்குகளால் வென்றது. எதிர்ப்பு 12, விலகல் 6. சவூதி அரேபியா, எகிப்து, ஜோர்தான், கட்டார், பஹ்ரைன், பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா, இந்தோனேசியா எல்லாம் இலங்கையோடு நின்றன. இந்தியாவும் நின்றது. எதிர்த்த 12இல் ஒன்று பொஸ்னியா ஹெர்சகோவினா. 1995இல் ஸ்ரெப்ரெனிச்சாவைப் பார்த்த நாடு அது. போரின் முடிவை வரவேற்று, இறைமையை வலியுறுத்தி, விசாரணை என்ற பேச்சையே எடுக்காத ஒரு பிரதிக்கு அதனால் ஆம் சொல்ல முடியவில்லை. அன்று நம் பள்ளிவாசல் முற்றங்களில் 29 என்ற எண்ணைக் கொண்டாடினோம். பொஸ்னியா ஏன் மறுபக்கம் நின்றது என்று நான் கேட்கவில்லை, என்னோடு இருந்தவர்களும் கேட்கவில்லை.

2012 மார்ச் 22இல் மூன்று பொத்தான்களுக்கும் 'முஸ்லிம் நாடுகள்' பிரிந்து போயின. சவூதி, குவைத், கட்டார், பங்களாதேஷ், இந்தோனேசியா, மாலைதீவு, மொரிட்டானியா எதிர்த்தன. மலேசியா, ஜோர்தான், செனகல், கிர்கிஸ்தான் விலகின. லிபியாவும் நைஜீரியாவும் ஆதரித்தன. தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியது; 8 விலகல். உம்மத் என்ற சொல்லுக்கு நம் உள்ளத்தில் இருக்கிற கனம் வேறு, அந்த மண்டபத்தில் இருக்கிற கனம் வேறு. அங்கே ஒவ்வொரு நாடும் தன் கடன், தன் எல்லை, தன் பயம் ஆகியவற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குத் தன்மீதும் இப்படி ஒரு தீர்மானம் வரலாம் என்ற பயம் அதில் பெரியது.

இலங்கைக்கு அவர்கள் காட்டிய நட்புக்கு வேர் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட பலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் நடவடிக்கைகளை ஆராய 1968இல் ஐ.நா. பொதுச்சபை அமைத்த விசேட குழுவில் ஆரம்பத்திலிருந்தே நம் நாடு இருக்கிறது. பலஸ்தீன அரசை 1988இலேயே அங்கீகரித்தது. அந்தக் கணக்கில் அரபு நாடுகள் நன்றி வைத்திருந்தால் அதில் தப்பில்லை. அந்த நன்றி நாட்டுக்கு உரியதா, நாட்டை ஆள்கிற அரசாங்கத்துக்கு உரியதா என்பதுதான் கேள்வி. அந்த நாட்டுக்குள் நாமும் இருக்கிறோம், வடக்கின் தமிழர்களும் இருக்கிறார்கள்.

இனி நம் பங்குக்கு வருவோம். 2012இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தூதுக்குழு ஜெனீவா வரை சென்று முஸ்லிம் நாடுகளின் ஆதரவை அரசாங்கத்துக்காகக் கேட்டது. அவர்களின் நிய்யத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அதை அறிந்தவன் அல்லாஹ். அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் கையில் சில நூறு ரூபாயோடு விரட்டப்பட்டார்கள். அந்தக் காயத்தோடு வாழ்ந்த ஒரு சமூகம், புலிகள் அழிந்தபின் அரசோடு நெருங்கி நின்றதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் விமர்சகன் பிரதியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். நாம் எதிர்க்கச் சொன்ன அந்தத் தீர்மானத்தின் செயற்பாட்டுப் பந்திகள் மூன்றே மூன்று. சாராம்சம் இதுதான்: இலங்கை அரசு தானே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் ஆக்கபூர்வமான பரிந்துரைகளை நிறைவேற்றட்டும், எப்படி நிறைவேற்றப் போகிறது என்று ஒரு திட்டம் தரட்டும், மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் அதற்கு ஆலோசனை வழங்கட்டும். அந்த ஆணைக்குழு அறிக்கையில் என்ன இருந்தது? வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் மீள்குடியேற்றமும் அதில் இருந்தது! அதாவது புத்தளத்து முகாமில் இருபது வருடம் கிடந்த நம் சொந்தங்களின் வீட்டு வாசலைப் பற்றியும் பேசுகிற ஒரு பிரதிக்கு எதிராக வாக்குக் கேட்டு நாம் ஜெனீவா போயிருக்கிறோம். வாசிக்காமல் போனோமா, வாசித்துவிட்டும் போனோமா என்று இன்று கேட்டுப் பயனில்லை. இரண்டுமே நல்ல விடை இல்லை.

அதே பிரதியோடு இந்தியா என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியா தீர்மானத்தை ஆதரித்தே வாக்களித்தது. அதற்கு முன் பேரம் பேசி ஒரு சொல்லை உள்ளே வைத்தது: ஆணையாளர் அலுவலகத்தின் ஆலோசனை இலங்கை அரசுடன் கலந்தாலோசித்து, அதன் இணக்கத்தோடு அமைய வேண்டும் என்று. இந்த ஒரு சொல்லால் தீர்மானத்தின் பல் பாதி உதிர்ந்தது. அந்தச் சொல் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். வாக்கைக் கொடுத்து ஒரு சொல்லை வாங்குவதுதான் அங்கே ஆதரவு திரட்டல் என்பதை இந்தியா அறிந்திருந்தது. நாம் நம் சமூகத்தின் பெயரைக் கொடுத்தோம். பதிலுக்கு ஒரு சொல்லும் வாங்கவில்லை. 1990ஐப் பற்றி ஒரு வரி சேருங்கள் என்று அந்த அரபுத் தூதுவர்களிடம் கேட்டிருக்கலாமே.

வாக்கெடுப்பு மார்ச் 22இல் நடந்தது. தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது ஏப்ரல் 20இல். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

2014 மார்ச் 27ஆம் திகதித் தீர்மானத்தைப் பாருங்கள். இலங்கையில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் உள்ளிட்ட மதச் சிறுபான்மையினர் மீது தாக்குதல்கள் கூடிவருவது பற்றி அதில் வெளிப்படையான எச்சரிக்கை இருந்தது. 23 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 12 விலகின. எதிர்த்த 12இல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பாகிஸ்தான், அல்ஜீரியா, மாலைதீவு இருந்தன. குவைத், மொரோக்கோ, இந்தோனேசியா விலகின. மூன்றாம் மாதம், ஜூன் 15இல், அளுத்கம எரிந்தது. எச்சரித்த பிரதியை எதிர்த்தவர்கள் நம் நண்பர்கள் என்றும், எச்சரித்தவர்கள் மேற்கின் சதிகாரர்கள் என்றும் அதுவரை நாம் பேசிக்கொண்டிருந்தோம். மேற்கு நாடுகளுக்கும் தம் கணக்கு இருக்கிறது. காஸா என்று வரும்போது அவர்கள் நாக்கு எப்படி மடங்குகிறது என்பதை உலகம் பார்க்கிறது. ஆனால் சொன்னவன் யார் என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது.

இப்போது ஜனாஸாவுக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்றது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இது நடந்தது. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயானக் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கள் ஊரில் சுகமில்லாத முதியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார்கள். "மௌத்தானாலும் மண்ணுக்குள்ளதான் போகணும், என்னை இங்கயே வெச்சிடுங்க" என்று ஒரு உம்மா சொன்னதை நான் காதால் கேட்டேன்.

நாட்களை வரிசையாக அடுக்குங்கள். 2021 பெப்ரவரி 22இல் பேரவையின் 46ஆவது கூட்டத்தொடர் தொடங்குகிறது. 23, 24இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் இருக்கிறார். 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி தருகிறது. மார்ச் 5இல் ஒட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படுகின்றன. மார்ச் 23இல் வாக்கெடுப்பு. பாகிஸ்தான் 'இல்லை' பொத்தானை அழுத்துகிறது. பங்களாதேஷ், சோமாலியா, உஸ்பெகிஸ்தானும் அப்படியே. பஹ்ரைன், இந்தோனேசியா, லிபியா, சூடான், மொரிட்டானியா, செனகல் விலகல்.

இம்ரான் கானுக்கு நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். நம் நீதிமன்றத்திலும் நம் பாராளுமன்றத்திலும் கிடைக்காத ஒன்று அவர் வந்த கையோடு கிடைத்தது. ஆனால் அந்தப் பத்து மாதமும் விஞ்ஞானம், நிலத்தடி நீர், நிபுணர் குழு என்று சொல்லப்பட்ட காரணங்களெல்லாம் ஒரு விருந்தாளி விமானம் ஏறிய மறுநாள் எங்கே போயின? உரிமையாகக் கிடைக்க வேண்டியது விலையாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதே நம் முன்னுள்ள பாடம். விலை கொடுத்தவன் விரும்பினால் திருப்பி எடுப்பான். நம் மண் நமக்கு ஒரு வாக்குக்கான சில்லறையாகத் தரப்பட்டது.

அடக்க இடமாக முதலில் சொல்லப்பட்டது இரணைதீவு. போரில் இடம்பெயர்ந்து, போராடித் தம் தீவுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்களின் ஊர் அது. அவர்கள் எதிர்த்தார்கள். ஒரு சிறுபான்மையின் மையவாடியை இன்னொரு சிறுபான்மையின் முற்றத்தில் வைத்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்கு அதில் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

நானா கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். 2021 தீர்மானத்தில் ஒரு பந்தி, கொவிட் காலத்து நடவடிக்கைகள் முஸ்லிம்களை ஒதுக்குவதையும் அவர்கள்மீதான பாகுபாட்டையும் மோசமாக்கின என்றும், எரிப்பு அவர்களையும் வேறு சமயத்தவர்களையும் தம் அடக்க முறைப்படி நடக்கவிடாமல் தடுத்தது என்றும் கவலை தெரிவிக்கிறது. நம் துயரம் அந்த அவையின் பிரதியில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது அப்போதுதான். அதே பிரதி சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையை ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தது. அன்று அழுத்திய பொத்தான் முழுப் பிரதிக்கும் ஒன்றுதான். பாகிஸ்தான் எதிர்த்தது நம் பந்தியை அல்ல, ஒரு நாட்டை வெளியிலிருந்து விசாரிக்கும் முறையை என்று அதன் தூதுவர் சொல்லலாம். சரி. ஆனால் அந்த முறையை எதிர்த்தபோது நம் பந்தியும் சேர்ந்துதான் எதிர்க்கப்பட்டது.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 2022 ஒக்டோபர் 6ஆம் திகதி இலங்கை பற்றிய அடுத்த தீர்மானம் 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 விலகல் என்று நிறைவேறியது. அதே நாள், அதே மண்டபத்தில், சின்ஜியாங்கின் உய்குர் முஸ்லிம்கள் பற்றிய ஐ.நா. அறிக்கையை விவாதிக்கலாமா என்று கேட்டார்கள். கண்டிக்கச் சொல்லவில்லை, பேசலாமா என்றுதான் கேட்டார்கள். 17க்கு 19 என்று அது தோற்றது, 11 விலகல். பாகிஸ்தான், இந்தோனேசியா, கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், உஸ்பெகிஸ்தான் எல்லாம் பேச வேண்டாம் என்றன. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடுகளில் பேசலாம் என்று சொன்னது சோமாலியா மட்டும்.

பேரவையின் பிரதிகளிலும் குறை உண்டு. 2015இல் வெளியான ஐ.நா. விசாரணை அறிக்கையின் காலவரை 2002 பெப்ரவரியிலிருந்து 2011 நவம்பர் வரை. காத்தான்குடியும் வடக்கு வெளியேற்றமும் அந்த ஜன்னலுக்கு வெளியே விழுந்துவிட்டன. நம்மவர்கள் ஜெனீவா மீது வைக்கிற குற்றச்சாட்டுகளில் மிக நேர்மையானது இதுதான். ஆனால் ஜன்னல் சிறிது என்றால் அகலப்படுத்தச் சொல்ல வேண்டும். வீட்டையே பூட்டச் சொல்லக் கூடாது. பூட்டச் சொன்னதால், முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நாம் அரசின் சாட்சிகளாக நின்றோம். எட்டு வருடம் கழித்து நம் ஜனாஸாவுக்காக வடகிழக்குத் தமிழர்கள் பலர் வீதியில் இறங்கியபோது, அந்தக் கடன் எனக்குக் கனத்தது.

கடைசியில் தோட்டத்துப் பெரியவரின் கேள்வி. பூண்டுலோயாவைச் சுற்றி இருக்கிற லயங்களுக்காக ஜெனீவாவில் எந்த நாடும் பொத்தானை அழுத்தியதில்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். தூதுவர்கள் மனிதரை எண்ணாக மாற்றுவதை மலையகம் நமக்கு முன்னமே பார்த்துவிட்டது. இங்கே டன்சினன் தோட்டத்தில் 2018இல் இந்திய உதவியோடு 404 வீடுகள் எழும்பின. நல்ல காரியம், குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியே வந்தன. ஆனால் வீடு தருவது ஒரு நாட்டின் தயவு. காணி உறுதியும் நியாயமான சம்பளமும் உரிமை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கான வர்த்தமானியும் அதே 2021 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு எத்தனை வருடப் போராட்டம் என்பதை இந்த மலைகள் அறியும்.

ஆனால் பேரவைக்கு இன்னொரு வாசலும் உண்டு, அங்கே வாக்குத் தேவையில்லை. 2021 நவம்பர் இறுதியில் நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா இலங்கை வந்தார். அடுத்த ஆண்டு பேரவைக்கு அவர் தந்த அறிக்கையில் லய அறைகளும் கொழுந்துக் கூலியும் இருக்கின்றன. நாடுகள் பொத்தான் அழுத்தாமலே அது பதிவாகிவிட்டது. நம் ஜனாஸா விடயத்திலும் 2021 ஜனவரியிலேயே விசேட அறிக்கையாளர்கள் குரல் கொடுத்தார்கள். இங்கிருந்து யாரோ எழுதி அனுப்பியதால்தான் அது நடந்திருக்கும். பூண்டுலோயா ஜமாஅத்தும் ஒரு தோட்டத் தலைவரும் சேர்ந்து எழுதினால்கூட அந்த வாசல் திறக்கும். அதற்கு அமைச்சர் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம். திகதி, இடம், நடந்தது, சாட்சி ஆகியவை பிசகாமல் இருக்க வேண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. எந்தப் பொத்தானும் அந்த மன்னிப்பைக் கொண்டுவரவில்லை. எழுதி வைத்த பதிவுகளும், விடாமல் கேட்டவர்களும் கொண்டுவந்தார்கள். ஒட்டமாவடியில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர், வேறு சமயத்தவர் சிலரும் உட்பட, சொந்த ஊரை விட்டு வெகு தூரத்தில் கிடக்கிறார்கள். நம் ஆய்வாளர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எரிக்கப்பட்டவர்களையும் தூரத்தில் அடக்கப்பட்டவர்களையும் ஊர் ஊராகப் பதிவது. மலையகத்துக்கு அதில் ஒரு பக்கம் வேண்டும்.

அந்தப் பெரியவர் இன்னும் மாத முடிவில் கடைக்கு வருகிறார். போன மாதம் அவருக்கு ஒரு பதில் சொன்னேன்: "ஐயா, உங்களப் பத்தி ஒரு அறிக்கைல ஈக்கி. வாசிச்சுக் காட்டவா?" பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டார். பிறகு சொன்னார்: "இத நம்ம லயத்துலயும் வந்து படிங்க மொதலாளி. ஒங்க மையித்துக் கததயும் சேத்துப் படிங்க."